மூன்றே வாரத்தில் வாத்துக்குஞ்சு

மச்சான் வீட்டில் நாங்கள் தங்கியிருந்த காலம் முழுக்க, காலையில் நான் இரண்டு தோசைக்கு மேல் சாப்பிட்டதில்லை. வயிறு கேட்கும். ஆனாலும் தட்டின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டு "போதும், போதும்" என்பேன். "மாப்பிள்ளைக்கு இன்னொண்ணு போடும்மா" என்று மச்சான் தினமும் தன் தங்கையிடம் சொல்வார். அவருடைய தங்கை என் மனைவி. அவர் நல்ல மனிதர். எனக்கு அதுதான் தொல்லை. முகத்தைச் சுளிக்கிறவராக இருந்திருந்தால் ஒரு நாள் ரோஷத்தோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவரோ சிரித்த முகத்தோடு தோசை போடச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்கு முன் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருந்தேன். மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஆட்குறைப்பில் என் முறையும் வந்தது. அநியாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கைகுலுக்கித்தான் அனுப்பினார்கள். அதன் பிறகு நான் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் பதில் வரவில்லை. பையன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். மார்சிலிங் வீட்டை வாடகைக்கு விடலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது மச்சானே கூப்பிட்டார். அவர் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். "இவ்ளோ பெரிய வீட்ல நான் ஒத்த ஆளா என்ன பண்றது? வந்து இருங்க லா" என்றார்.

போனோம். அன்று முதல் நான் வீட்டோட மாப்பிள்ளை ஆனேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன், பல் துலக்கும்போது, சவரம் செய்யும்போது. ஃபேரர் பார்க் பக்கம் மச்சானுக்குப் பாத்திரக் கடை. சும்மா இருக்க முடியாமல் சில நாள் அங்கே போய் உட்காருவேன். பக்கத்துக் கடை பாய் பெரிய கிண்டல்காரர். "என்ன மாப்பிள்ளை, மச்சான் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிடுச்சு போல! கன்னம் உப்பிப் போச்சே" என்பார். அதில் விஷம் கிடையாது. நானும் சிரிப்பேன். ஆனால் காது இரண்டும் சூடாகிவிடும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது என்றால் அது கோழிகள்தான். மச்சானின் மனைவி ஆசையாக வளர்த்தவை. தரைவீட்டின் பின்பக்கத்தில், வெளிப் பறவை எதுவும் புக முடியாதபடி முழுக்க வலையடித்த கூடு. உள்ளே ஆறு பெட்டைகள். சேவல் கிடையாது, கூவினால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்துவிடுவார்கள். அவர் இறந்த பிறகு அந்தக் கோழிகளை யாரும் கவனிக்கவில்லை. மச்சானுக்கு அவற்றைப் பார்க்கவும் மனமில்லை, கொடுத்துவிடவும் மனமில்லை. நான் கூட்டைக் கழுவினேன், தண்ணீர் மாற்றினேன், வலையைத் தைத்தேன். கோழிகளுக்கு நான் யார் வீட்டு மாப்பிள்ளை என்று தெரியாது. அதனால் அங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மார்ச் மாதம் பழுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இறகையெல்லாம் சிலுப்பிக்கொண்டு, கையை நீட்டினால் உறுமிக்கொண்டு, தீனிக்குக்கூடச் சரியாக எழாமல் வெறும் வைக்கோலின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளில் அதைப் பார்த்துப் புள்ளிப் பெட்டையும் ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்தது. ஒரு வீட்டில் ஒரு அடைக்கோழி போதும். புள்ளிப் பெட்டையைத் தினமும் தூக்கி வெளியே விட்டேன். போய்ப் போய் அதே மூலையில் உட்கார்ந்தது. அடையைக் கலைக்கக் காற்றோட்டமான கம்பிக் கூண்டு ஒன்றில் தனியாகப் போட்டேன். அங்கிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாபம் கொடுப்பது போல இருக்கும்.

பழுப்புப் பெட்டைக்கு வைக்கக் கரு உள்ள முட்டை வேண்டும். பட்டறையில் என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒருவரின் உறவினருக்குக் கிராஞ்சி பக்கம் சின்னப் பண்ணை. கேட்டதில் கோழி முட்டை இல்லை, வாத்து முட்டை இருக்கிறது என்றார். மச்சான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். வெளிர் நீலம் ஓடிய பெரிய முட்டைகள். மடியில் துண்டை விரித்து, குழந்தையை வைத்திருப்பதைப் போல வைத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலை துணிக்கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டு அடை வைத்தேன். இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பும் கரியும் அதைத் தடுக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. இந்த ஊரில் மழைக்காலம் என்று தனியாக ஏது? மதியமானால் வானம் இடிக்கிறது. பாதுகாப்பு வேலையில் காலம் தள்ளியவன் நான், இடி எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியும். ஆணியையும் போட்டேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அடையில் இருக்கும் முட்டையைப் பற்றிப் பேசக் கூடாது. எத்தனை வைத்தாய், என்றைக்குப் பொரியும் என்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. கண் பட்டுவிடும். "குஞ்சு வர்ற வரைக்கும் யாரும் அதப் பத்திப் பேச வேணாம்" என்று மனைவியிடமும் மச்சானிடமும் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன். கண்ணுக்குப் பயந்தது பாதி. மீதிப் பாதி வேறு. பொரியாமல் போனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? வேலை போனது, விண்ணப்பத்துக்குப் பதில் வராதது என்று எல்லாவற்றுக்கும் சாப்பாட்டு மேசையில் பதில் சொல்லி அலுத்திருந்தேன். இது ஒன்றாவது நான் வைத்து, நானே பொரிய வைத்ததாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. சிரிப்பாகத்தான் இருக்கும். கப்பல்களின் வயிற்றுக்குள் நூறு பேரை இறக்கி ஏற்றியவன், வாத்துக்குஞ்சில் தன் மானத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தான்.

வாத்து முட்டைக்கு ஈரம் வேண்டும். தாய் வாத்து என்றால் நனைந்த வயிற்றோடு வந்து உட்காரும். கோழிக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. அதனால் தினமும் அது தீனிக்கு எழும் நேரம் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் தெளிப்பேன். முட்டை பெரிதாக இருந்ததால் கோழியால் சரியாக உருட்டவும் முடியவில்லை. அதையும் நானே செய்தேன். பிறகு பின்பக்கச் சாமான் அறையின் இருட்டில், கைப்பேசி வெளிச்சத்தின் மேல் முட்டையைப் பிடித்துப் பார்ப்பேன். முதலில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. அப்புறம் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடித்தது. அப்புறம் முட்டை முழுக்க இருண்டு, மேல் முனையில் மட்டும் காற்று நிற்கும் இடம் வெளிச்சமாக இருந்தது. ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. எனக்கு யாரிடமாவது சொல்லிக் குதிக்க வேண்டும் போல இருக்கும். வாயை மூடிக்கொண்டு வந்து தோசை சாப்பிடுவேன்.

வாயை மூடத் தெரியாதவர் மச்சான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, ஈஸ்டர் அன்று எல்லோரும் நம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று எங்கள் ஆலயத்துப் பங்கு மக்களை அழைத்தார். அதோடு விட்டாரா? "எங்க மாப்பிள்ளை கோழிய வச்சு வாத்து பொரிக்கிறாரு. கரெக்டா ஈஸ்டருக்குக் குஞ்சு வந்துடும், பாருங்க" என்றார். அவர் போட்டது மூன்று வாரக் கணக்கு. அவர் மனைவி இருந்தபோது எங்கிருந்தோ கோழி முட்டை வாங்கி வந்து அடை வைப்பாராம். "மூணு வாரம், ஒரு நாள் முன்ன பின்ன ஆகாது" என்று சொல்வாராம். கோழிக்கு மூன்று வாரம். வாத்துக்கு நான்கு. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுதான் பொரியும்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. யார் வீட்டில் சாப்பிடுகிறேனோ அவரை வாசலில் நிறுத்தித் தப்பு என்று சொல்வதா? காரில் போகும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். மனைவி போன பிறகு அவர் அப்படி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கும் அதேதான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை. ஆலயத்தில் நாற்காலி அடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே மனைவி நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "சீக்கிரம் வாங்க, சீக்கிரம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூட்டுக்குள் பழுப்புப் பெட்டை நின்றுகொண்டிருந்தது. அதன் காலைச் சுற்றி மஞ்சளாக ஐந்து வாத்துக்குஞ்சுகள். மச்சான் வலைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தோளில் தட்டினார். "சாதிச்சிட்டீங்க மாப்ள!"

ஒரு கணம் நான் நம்பினேன். உண்மையாகவே, நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அப்புறம் ஒரு குஞ்சு தண்ணீர்த் தட்டுக்கு ஓடி, அலகை விட்டு அளைந்து, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அப்போதுதான் பொரிந்த குஞ்சு ஈரமாகக் கிடக்கும். தலையைத் தூக்கவே பாடுபடும். இவை காய்ந்து உப்பி, ஊர் உலகம் தெரிந்தவை மாதிரி நடந்தன. பொரிந்து நாலைந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தேன். "ஆமா மச்சான்" என்றேன்.

அவர்கள் உள்ளே போன பிறகு கூட்டுக்குள் நுழைந்து கூடையைப் பார்த்தேன். ஆணியும் கரியும் அப்படியே இருந்தன. வைக்கோலின் மேல் முட்டை ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. பழுப்பு ஓடுகள். நான் வைத்தவை நீலம் ஓடியவை. ஒரு துண்டை எடுத்துத் திருப்பினேன். அதில் சிவப்பு மையில் எழுத்தும் எண்ணுமாக முத்திரை. கடையில் வாங்கும் முட்டையில் பண்ணைக்காரர்கள் அடிக்கும் முத்திரை. காலையில் ஆம்லெட் போட்ட முட்டையின் ஓடு அது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குஞ்சு வாங்கி வந்து வைத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ஓட்டை யாரோ உட்கார்ந்து, கையால் பக்குவமாக நொறுக்கி, நான் பார்த்து ஏமாறுவதற்காகத் தூவியிருந்தார்கள். நோயாளிக்கு மாத்திரையைப் பழத்தில் பொதிந்து கொடுப்பார்களே, அப்படி. ஆக, இந்த வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளையால் இதுவும் முடியவில்லை, பாவம், என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். முத்திரை உள்ள துண்டுகளையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாளைக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டால்?

பையில் போட்ட பிறகுதான் உறைத்தது. என் முட்டைகள் எங்கே?

கேட்டுக்குப் பக்கத்தில் பச்சைக் குப்பைத் தொட்டி. திறந்தேன். மேலாகவே கடைப் பை ஒன்று, பழைய செய்தித்தாளில் சுற்றி. உள்ளே என் வாத்து முட்டைகள். தூக்கிப் போட்ட வேகத்தில் பல உடைந்திருந்தன. அதற்குள் இருந்ததைப் பார்த்தேன். எழுத வேண்டாம். இரண்டு மட்டும் முழுசாக இருந்தன. அவற்றைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கைப்பேசி வெளிச்சத்தில் முதலாவது முட்டை சும்மா இருந்தது. இரண்டாவதில், காற்று நிற்கும் இடத்தின் ஓரமாக, ஏதோ மெல்ல அசைந்தது.

கதவு திறந்தது. மனைவி. நான் சட்டைப் பையிலிருந்து ஓட்டை எடுத்து நீட்டினேன்.

"இது உன் வேலையா?"

அவள் அதைப் பார்த்தாள். முத்திரையை அப்போதுதான் கவனித்தாள் என்று நினைக்கிறேன். "அண்ணன்தான் சொன்னாங்க" என்றாள். "மூணு வாரம் ஆயிடுச்சு, ஒண்ணும் வரல. நாளைக்கு அத்தன பேரும் வர்றாங்க. உங்களுக்கு அசிங்கமா போயிடக் கூடாதுன்னு அண்ணன் நேத்தே போய் வாங்கி கடையில வச்சிருந்தாங்க. நீங்க ஏற்கெனவே…" அங்கே நிறுத்திக்கொண்டாள்.

"ஏற்கெனவே என்ன?"

"ஒண்ணுமில்லங்க."

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

முட்டையை வெளிச்சத்தின் மேல் வைத்து அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். அது மறுபடியும் அசைந்தது. "வாத்துக்கு நாலு வாரம்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதுகொண்டே, "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க" என்றாள்.

கோபம் தலைக்கேறியது. என்னைப் பற்றி அவர் பரிதாபப்படலாம், அவரிடம் நான் ஒன்றும் சொல்லக் கூடாதா? இவள் அவர் தங்கையா, என் மனைவியா? இப்படியெல்லாம் வாய் வரை வந்தது. அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியில் வைக்கோல் தூசி ஒட்டியிருந்தது. அந்தக் கையால்தான் ஓட்டை நொறுக்கியிருப்பாள், ஆணியையும் கரியையும் மறக்காமல் இருந்த இடத்தில் வைத்திருப்பாள். "சொல்லல" என்றேன்.

கம்பிக் கூண்டைத் திறந்து புள்ளிப் பெட்டையைத் தூக்கி வந்தேன். இத்தனை நாளாக நான் விரட்டி விரட்டி அடையைக் கலைக்கப் பார்த்த கோழி. சாமான் அறை மூலையில் ஒரு அட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டு இரண்டு முட்டையையும் வைத்தேன். அது என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, ஏறி, காலால் முட்டைகளைச் சரிசெய்து, அமர்ந்துகொண்டது. மன்னிப்புக் கேட்பதென்றால் நான்தான் அதனிடம் கேட்க வேண்டும்.

ஈஸ்டர் அன்று வீடு நிறைய ஆட்கள். பிரியாணி, கேக், பிள்ளைகள் கூச்சல். மச்சான் ஒவ்வொரு குடும்பமாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "மாப்பிள்ளை கைபட்டா போதும்" என்றார். "தண்ணி தெளிக்கிறதென்ன, உருட்டி விடுறதென்ன, குழந்தை மாதிரி பாத்துக்கிட்டாரு." அப்படியானால் அவர் என்னைக் கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஒரு அம்மா என்னிடம் வந்து, "உங்களுக்கு நல்ல கைராசி தம்பி" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மச்சான் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்காக ஒரு பொய்யைக் கட்டி, அதை நானே நம்புகிறேன் என்று நினைத்து, அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அன்று நான் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை.

கிராஞ்சிப் பண்ணைக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே, வாத்துக்கு நாலு வாரம் என்று? இதை அந்த வாரம் முழுக்க யோசித்தேன். மச்சான் கேட்டிருக்க மாட்டார். அவர் மனைவி மூன்று வாரம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு மேல் அவர் யாரைக் கேட்பார்?

தினமும் சாமான் அறைக்குத் திருடன் மாதிரி போனேன். சும்மா இருந்த முட்டை நாற ஆரம்பித்தது, எடுத்துப் புதைத்தேன். மற்றது உயிரோடு இருந்தது. அது பொரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், தினமும். அப்புறம் பொரிந்தால் மச்சானுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, பொரியாமல் போனாலும் நல்லதுதான் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வெட்கப்பட்டேன். அதைவிட வெட்கமான ஒன்று உண்டு. சில வேளைகளில், பொரியட்டும், அவர் பார்க்கட்டும், அவருக்கும் கொஞ்சம் காது சூடாகட்டும் என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லும். எனக்குச் சோறு போடுகிற மனிதரைப் பற்றி.

அடுத்த ஞாயிறு காலை நான் கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாத்துக்குஞ்சுகள் ஐந்தும் கழுத்து நீண்டு, கோழியைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு திரிந்தன. நான் வைத்த தண்ணீர்த் தொட்டியில் அவை இறங்க, கோழி ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மச்சான் கார் கழுவ வாளி எடுக்கச் சாமான் அறைப் பக்கம் போனார். "நான் எடுத்துத் தர்றேன் மச்சான்" என்று கத்தினேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். உள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். புள்ளிப் பெட்டையின் இறகுக்கு வெளியே ஒரு தலை. பாதி காய்ந்து, பாதி ஈரமாக, கண்ணைத் திறக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு. பக்கத்தில் நீலம் ஓடிய ஓடு, இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"மாப்ள, இது…"

"வாத்துக்குஞ்சு மச்சான்."

அவர் திரும்பி வலைக்குள் இருந்த பெரிய குஞ்சுகளைப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார். ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"வாத்துக்கு எத்தன வாரம்?"

"நாலு."

"அவ மூணுன்னு சொல்லுவாளே."

"அவங்க கோழிக்குச் சொன்னாங்க மச்சான். அவங்க சொன்னது சரிதான்."

"அப்போ மத்த முட்டையெல்லாம்…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போய் மூடிவிட்டு வந்தேன்.

"நீங்க ஏன் சொல்லல?" என்றார்.

எத்தனையோ பதில் இருந்தது. "அடையில இருக்கறதப் பத்திப் பேசக் கூடாதில்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. பார்வை என் முகத்தில் நிற்காமல் தோளுக்கு மேலே போனது. உதட்டில் ஒரு சிரிப்பு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது, தினமும் காலையில் நான் சவரம் செய்யும் முகம். அவருக்கும் காது சூடாகட்டும் என்று ஆசைப்பட்டேனே, சூடாகிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இது தூங்குமூஞ்சி மச்சான்" என்றேன். "அதான் லேட்டு."

"ஆமா லா" என்றார், ரொம்ப மெதுவாக. ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாளியை மறந்துவிட்டு, உள்ளே போனார்.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மனைவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இரண்டு தோசை சாப்பிட்டேன். மாப்பிள்ளைக்கு இன்னொன்று என்ற குரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் ஒரே ஒரு தோசையைத் தின்றுவிட்டு, தன் தட்டின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போதும்மா" என்றார்.

அவர் வீடு, அவர் மேசை, அவர் தட்டு.

"மச்சானுக்கு இன்னொண்ணு போடு" என்றேன் மனைவியிடம். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எனக்கும் ஒண்ணு போடு, பசிக்குது."

அவள் கல்லிலிருந்து தோசையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் கையை எடுக்கவில்லை. அவளும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.